முற்றிய கோழி, மெல்லிய மாவு

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாக்ஸ்வில் நகரின் சென்ட்ரல் தெருவில் பழைய செங்கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. இப்போது அதில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். நான் போனபோது சன்னலுக்குச் சன்னல் கிறிஸ்துமஸ் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. 2008 வரை அது மாவு ஆலை. 1883இல் ஜே. ஆலன் ஸ்மித் தொடங்கிய ‘ஒயிட் லில்லி’ மாவு நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த ஊரில்தான் அரைபட்டது. நிறுவனம் கைமாறிய பிறகு ஆலையை மூடி, அரைக்கும் வேலையை மத்திய மேற்கு மாநிலங்களுக்குக் கொண்டுபோனார்கள். மாவில் மாற்றம் இல்லை என்பது நிறுவனத்தின் பதில். மாறிவிட்டது, பிசைகிற கைக்குத் தெரிகிறது என்று தென்மாநிலச் சமையல்காரர்கள் அப்போது பலமாக வாதாடினார்கள்.

மலைக்குப் போகிற வழியில் இந்தக் கட்டடத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நண்பரிடம் கேட்டிருந்தேன். நான் தேடிப் போனது ஒரு சாப்பாட்டை. கோழியை நீரில் நெடுநேரம் வேகவைத்து, அந்தச் சாற்றிலேயே கோதுமை மாவுத் துண்டுகளைப் போட்டு வேகவிடுவார்கள். ‘சிக்கன் அண்ட் டம்ப்ளிங்ஸ்’ என்று பெயர். பால் கொழுக்கட்டையில் மாவு பாலைக் குடித்து, பாலும் மாவால் கெட்டிப்படுமே, ஏறக்குறைய அதே உறவுதான் இங்கே மாவுக்கும் கோழிச் சாற்றுக்கும். அமெரிக்கத் தெற்கில், அதிலும் அப்பலாச்சிய மலைப்பகுதியில், குளிர்காலப் பண்டிகைக்குப் பிள்ளைகள் வீடு திரும்பும்போது அடுப்பில் ஏறுகிற பானை இது.

மாவிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கான்சாஸ், டக்கோட்டா சமவெளிகளில் விளைவது புரதம் மிகுந்த கடினக் கோதுமை, ரொட்டிக்கு ஏற்றது. ஈரம் மிகுந்த தெற்கிலும் டென்னசி, கென்டக்கி பள்ளத்தாக்குகளிலும் விளைவது மென்மையான சிவப்புக் குளிர்காலக் கோதுமை. இலையுதிர் காலத்தில் விதைத்தால் பனியில் நின்று, ஜூனில் அறுவடைக்கு வரும். ரொட்டி மாவில் புரதம் 12, 13 சதவீதம் இருக்கும். ஒயிட் லில்லி போன்ற மென்கோதுமை மாவில் 8, 9 சதவீதம்தான். பசைப்புரதம் குறைவு என்பதால் பிசைந்தால் இழுபடாது. ஈஸ்ட் போட்டு உயரமாக எழுப்பும் ரொட்டிக்கு அது உதவாது. நொடியில் பிசைந்து நொடியில் வேகவைக்கும் பண்டங்களுக்கு அதைவிட நல்ல மாவு கிடையாது. தெற்கத்திய அடுப்படியில் பிஸ்கட் என்ற மென்ரொட்டியும் பழம் வைத்துச் சுடும் ‘பை’யும் டம்ப்ளிங்கும் ஆட்சி செய்வது அந்த மண்ணில் விளைந்த கோதுமையால்தான்.

நாக்ஸ்வில்லை விட்டுத் தெற்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் ஸ்மோக்கி மலைகள் வந்துவிடுகின்றன. டிசம்பரில் ட்யூலிப் பாப்லர் மரங்கள் மொட்டையாக நிற்க, ரோடோடெண்ட்ரான் புதர்கள் மட்டும் பச்சையாக இருக்கும். குளிர் உறைநிலைக்குக் கீழே போனதும் அவற்றின் இலைகள் சுருட்டுப் போலச் சுருண்டு தொங்கிவிடும். இலையைப் பார்த்தே அன்றைய குளிரைச் சொல்லிவிடுகிறார்கள் மலைக்காரர்கள். மெட்கால்ஃப் பாட்டம்ஸ் என்ற இடத்தில் காரை விட்டுவிட்டு, 1882இல் கட்டிய லிட்டில் கிரீன்பிரையர் பள்ளிக்கூடத்தைக் கடந்து காட்டுப் பாதையில் நடந்தோம். பாதை போய் முடிகிற இடத்தில் ஒரு மரக்கட்டை வீடு. வாக்கர் சகோதரிகளின் வீடு.

இந்த மலைகளைத் தேசியப் பூங்கா ஆக்க 1920களிலும் 30களிலும் முடிவானபோது, மேற்கத்தியப் பூங்காக்களைப் போல இது அரசின் நிலமாக இருக்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் வயலும் வீடும் கல்லறையும் இருந்த நிலம். ஒவ்வொன்றாக வாங்கி, ஆட்களை வெளியேற்றித்தான் 1934இல் பூங்கா அமைந்தது. மார்கரெட், பாலி, மார்த்தா, லூயிசா, ஹெட்டி என்ற ஐந்து சகோதரிகள் நகர மறுத்தார்கள். கடைசியில் 4,750 டாலருக்கு நிலத்தைக் கொடுத்தார்கள். ஆயுள் உள்ளவரை அங்கேயே வாழும் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1946இல் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ பத்திரிகை அவர்களைப் பற்றி எழுதியதும் சுற்றுலாக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்களுக்கு ஆப்பிள் பைகளைச் சுட்டு விற்றார்கள். லூயிசா தான் எழுதிய கவிதைகளையும் விற்றார். அந்த வீட்டில் கடைசியாக வாழ்ந்தவரும் லூயிசாதான், 1964 வரை.

சர்க்கரை, சோடா, காபி, உப்பு. இந்த நான்கைத் தவிர எல்லாம் எங்கள் நிலமே தருகிறது என்று சொல்லி வாழ்ந்தவர்கள் அவர்கள். வீட்டு முற்றத்தில் நின்று அந்தப் பட்டியலை டம்ப்ளிங் பானையோடு சேர்த்து எண்ணிப் பார்த்தேன். கோழி கொல்லையில் மேய்கிறது. கொழுப்பு வீட்டில் வளர்த்த பன்றியினுடையது. மோர் கறவைப் பசுவினுடையது. ஊற்றுநீர் ஓடும் சிறு கொட்டகையில் குளிர்ந்திருக்கும், அந்தக் கொட்டகை இன்றும் நிற்கிறது. மாவு பக்கத்து ஓடையோர ஆலையில் அரைத்தது. கடையிலிருந்து வர வேண்டியவை உப்பும் சோடாவும் மட்டுமே. புளித்த மோரின் அமிலம் சோடாவோடு சேரும்போது கரியமில வாயு கிளம்பி மாவை உப்பவைக்கும். கடைச் சோடா வருவதற்கு முன்னால் அந்த வேலையை மரச்சாம்பலிலிருந்து எடுத்த காரமே செய்தது. காசில்லாத குடும்பமும் விருந்து வைக்க முடிந்த ரகசியம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

டவுன்சென்ட் ஊருக்கு அருகே, நண்பருக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எங்களை அழைத்திருந்தது. வீட்டுப் பாட்டி எண்பதைக் கடந்தவர். அந்தப் பக்கத்தில் மூத்த பெண்களை ‘மேம்’ என்று அழைக்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று நண்பர் சொல்லியிருந்தார். பாட்டியோ என்னை வாசலிலேயே ஒரு பிள்ளையைப் போல இழுத்து அணைத்துக்கொண்டார். காலையிலேயே வந்துவிடச் சொன்னது நல்லதாயிற்று, ஏனென்றால் அந்தச் சமையல் காலையில்தான் தொடங்குகிறது.

தொட்டியருகே உரித்த கோழி கிடந்தது. அடி வயிற்றில் திரண்ட மஞ்சள் கொழுப்பு, தடித்த தோல், கறுத்த தொடை. பக்கத்துப் பண்ணையில் மூன்று குளிர்காலம் முட்டையிட்டு ஓய்ந்தது.

“கடையில் விற்கிற குஞ்சை வைத்து இதைச் செய்ய முடியாது, கண்ணு. அது எலும்பு கூட முற்றாத குழந்தை. அதில் சாறு எங்கே இருக்கிறது?” என்றார் பாட்டி.

அவர் சொன்னதில் அறிவியலும் இருக்கிறது, சரித்திரமும் இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டு நடந்து மேய்ந்த கோழியின் மூட்டிலும் தோலிலும் கொலாஜன் இறுகிக் கிடக்கும். அவசரமாகச் சமைத்தால் அது மெல்ல முடியாத நார். சிறு தீயில் மூன்று மணி நேரம் விட்டால் உருகி ஜெலட்டினாகிச் சாற்றுக்கு உடம்பைக் கொடுக்கும். ஆறியதும் உதடு ஒட்டுகிற சாறு அதுதான். ஆறேழு வாரத்தில் அறுபடும் இறைச்சிக் கோழிக்கு அந்த வயது வாய்ப்பதே இல்லை. இறைச்சிக்காக மட்டுமே கோழி வளர்க்கும் தொழிலுக்கு அமெரிக்காவில் 1923ஐத் தொடக்கமாகச் சொல்வார்கள். டெலவேர் மாநிலத்தில் செசீல் ஸ்டீல் என்ற பெண் முட்டைக்காக 50 குஞ்சு கேட்க, தவறுதலாக 500 வந்து இறங்கியது. அவற்றை வளர்த்து இறைச்சிக்கு விற்றார், லாபம் கண்டார், ஊரே பின்பற்றியது. அதற்கு முன்னால் கோழி என்றால் முட்டை. இறைச்சி எப்போதாவது, ஞாயிற்றுக்கிழமைக்கோ விருந்தாளிக்கோ.

குளிர்காலத்துக்கும் இந்தப் பானைக்கும் உள்ள தொடர்பும் கோழிக் கூண்டிலிருந்தே வருகிறது. கோழி நன்றாக முட்டையிடப் பதினான்கு மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். டிசம்பரில் இந்த மலையடிவாரத்தில் பகல் பத்து மணி நேரம்கூட இல்லை. புல்லும் புழுவும் கிடையாது, தீனியோ சேர்த்து வைத்த சோளம். முட்டையும் தராமல் சோளத்தைத் தின்னும் கிழக் கோழிகளைக் குளிர் முற்றுவதற்குள் கழித்துவிடுவார்கள். அப்படிக் கழிந்தவை பண்டிகை நாளில் பானைக்கு வந்தன.

பாட்டி கோழியை முழுசாகப் பச்சைத் தண்ணீரில் போட்டார். உப்பு, ஒரு வெங்காயம், செலரித் தண்டு இரண்டு. நுரையை வழித்து எடுத்தார். பிறகு தீயைக் குறைத்தார், மூன்று மணி நேரம் அதைத் தொடவில்லை. மதியம் கோழியை வெளியே எடுத்து ஆறவிட்டு, எலும்பை நீக்கி, சதையைக் கையாலேயே நீளவாக்கில் பிய்த்தார். கத்தியால் நறுக்கினால் சாறு ஒட்டாதாம். மேலே மிதந்த கொழுப்பைப் பாதிக்கு மேல் அப்படியே விட்டுவைத்தார். எனக்கு அது சரி என்றே பட்டது. நலம் கருதிக் கொழுப்பை முழுவதும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது மருத்துவமனைக் கஞ்சி.

மாவு இரண்டு குவளை. உப்பும் பேக்கிங் பவுடரும் முன்பே கலந்து விற்கிற ரகம். கால் குவளை பன்றிக் கொழுப்பை விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்து, ரவை போல உதிர்த்தார். குளிர்ந்த மோரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பிசைந்தும் பிசையாததுமாக உருட்டி, ஈரத்துணி போட்டு மூடி வைத்தார். நம் வீடுகளில் சப்பாத்தி மாவை அடித்துப் பிசைவதே கெட்டிக்காரத்தனம். இங்கே கை குறைவாகப் படுவதே கெட்டிக்காரத்தனம். பிறகு மேசை முழுக்க மாவைத் தூவி, எட்டில் ஒரு அங்குலக் கனத்துக்குத் தேய்த்து, விரற்கட்டை அகலத்தில் பட்டைகளாக வெட்டினார். தூவிய மாவைத் தட்டி உதற நான் கை நீட்டியபோது தடுத்தார்.

“அந்த மாவுதான் சாற்றைக் கெட்டியாக்கும். அதையும் சேர்த்தே போட வேண்டும்.”

டம்ப்ளிங் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதில் இந்த நாடு இரண்டுபட்டிருக்கிறது. தேய்த்து வெட்டிய தட்டைப் பட்டைகளை ஒரு கட்சி ஆதரிக்கிறது. தளர்ந்த மாவைக் கரண்டியால் சாற்றின் மேல் விட்டு, மூடியைத் திறக்காமல் ஆவியில் பஞ்சாக உப்பவைப்பது இன்னொரு கட்சி. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் இதே கோழிச் சாற்றில் சதுரச் சதுரமாக மாவை வெட்டிப் போடுகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர்களும் அயர்லாந்தின் வட பகுதியிலிருந்து வந்த ஸ்காட்டியரும் ‘கிரேட் வேகன் ரோடு’ என்ற வண்டிப் பாதை வழியாக ஷெனன்டோவா பள்ளத்தாக்கில் இறங்கித்தான் டென்னசிக்கு வந்தார்கள். கிழக்கு டென்னசியில் இரண்டு கட்சியும் ஒரே குடும்பத்துக்குள் இருப்பதைப் பார்த்தேன். பாட்டியின் மருமகள் பஞ்சுக் கட்சி. நான் தட்டைக் கட்சியோடு நிற்கிறேன். பஞ்சு உருண்டையின் அடிப்பாகம் மட்டுமே சாற்றில் நனைகிறது. மேலே வெறும் மாவு. பட்டையோ இரண்டு பக்கமும் சாற்றைக் குடித்து, வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்குகிறது. இவ்வளவு பாடுபட்டு எடுத்த சாறு மாவுக்குள் போகாவிட்டால் பிறகு எதற்கு?

1930களின் பெருமந்தத்தில் பிறந்த ஏழைச் சாப்பாடு இது என்று ஒரு பேச்சு பரவலாக இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சமையல் நூல்களிலேயே இது வந்துவிட்டது. பெருமந்தம் செய்ததெல்லாம், கோழியைக் குறைத்து மாவைக் கூட்டியது. வெள்ளைக் குடியேறிகளின் சொத்து மட்டும் என்று சொல்வதும் பிழை. தெற்கத்திய அடுப்படிகளில் தலைமுறை தலைமுறையாக நின்று சமைத்த கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் பெயர் எழுதப்படாமலே போனார்கள். எழுதப்பட்ட ஒரு பெயர் மலிண்டா ரஸ்ஸல். இதே கிழக்கு டென்னசியில் பிறந்து வளர்ந்தவர். சக்கி மலையில் விடுதியும் பிறகு பலகாரக் கடையும் நடத்தியவர். உள்நாட்டுப் போரின்போது கொள்ளையர்களிடம் சேமிப்பை எல்லாம் பறிகொடுத்து, வடக்கே மிச்சிகனுக்குப் போய், 1866இல் சிறிய சமையல் நூல் ஒன்றை வெளியிட்டார். ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் எழுதிய சமையல் நூல்களில் இதுவரை தெரிந்தவற்றுள் முதலாவது அதுதான். மாவைக் கையாளும் கலை இந்த மண்ணில் யார் யார் கைவழியாக வந்தது என்று சொல்லும்போது அவர் பெயரை விட முடியாது.

மாலை ஆனது. சாறு பின்னடுப்பில் தயாராக இருந்தது, வெட்டிய பட்டைகள் மாவுத் தூவலோடு தட்டில் காத்திருந்தன. பாட்டி சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த மலைகளிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் டேட்டன், சின்சினாட்டி, டெட்ராய்ட் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடிப் போனார்கள். டெட்ராய்ட்டிலிருந்து நாக்ஸ்வில்லுக்கு நேராக இறங்கும் 75ஆம் எண் நெடுஞ்சாலை அந்தக் குடும்பங்களின் பண்டிகைப் பாதை. பாட்டியின் மகன் ஒருவர் டேட்டனிலிருந்து வந்துகொண்டிருந்தார். பேத்தி மிச்சிகனிலிருந்து. இவர்களுக்கு ஏற்ற சாப்பாடு இதுவே என்று அப்போது புரிந்தது. கோழியும் சாறும் எத்தனை மணி நேரமும் காத்திருக்கும். டம்ப்ளிங் காத்திருக்காது, கால் மணி தாண்டினால் குழைந்துவிடும். ஆகவே கடைசிக் கார் வாசலில் வந்து நிற்கும்வரை பட்டைகள் பானைக்குள் போவதில்லை.

ஏழரைக்கு அந்தக் கார் வந்தது. பேத்தி கோட்டைக் கழற்றுவதற்குள் பாட்டி தீயைக் கூட்டிவிட்டார். சாறு தளதளவென்று கொதிக்க, பட்டைகளை ஒவ்வொன்றாக, ஒன்றன் மேல் ஒன்று விழாமல் இட்டார். கரண்டியால் கிளறக் கூடாது. கிளறினால் கிழிந்து கூழாகும். கரண்டியின் முதுகால் மெல்ல அமுக்குவார், பானையின் இரு காதையும் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்குவார். கடைசிப் பட்டை விழுந்ததும் பிய்த்த கோழியைச் சேர்த்து, ஒரு குவளைப் பால் விட்டு, கருமிளகை நிறைய அரைத்துத் தூவி, மூடி, தீயை அணைப்பது போலக் குறைத்தார். பத்து நிமிடம்.

பக்கத்தில் சோள ரொட்டி, ஊறவைத்த பீட்ரூட், முட்டைக்கோஸும் பச்சைத் தக்காளியும் போட்ட ஊறுகாய். எல்லோரும் கைகோத்துத் தலைகுனிய, மகன் பிரார்த்தனை சொன்னார். ஆழமான தட்டில் வாங்கிச் சாப்பிட்டேன். முதலில் மிளகின் காரம், அடுத்துக் கோழியின் முற்றிய ருசி, அதன் பிறகு மாவின் மென்மை. நம் நாக்கு தேடும் மசாலா ஒன்றுகூட இல்லை. தேடத் தோன்றவும் இல்லை. கோழிக்கு இவ்வளவு ருசி தனியாகவே உண்டு என்பதை மசாலா எப்போதும் மறைத்தே வைத்திருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு காய்ந்த ஆப்பிள் விழுதைத் தடவி மெல்லிய அடுக்குகளாக எழுப்பிய கேக் வந்தது. சுட்ட அன்றே சாப்பிடக் கூடாது, இரண்டு நாள் ஊற வேண்டும்.

தன் அம்மா காலத்தில் டிசம்பர் 25 சின்னக் கிறிஸ்துமஸ்தான் என்றார் பாட்டி. ஜனவரி 6ஐத்தான் பழைய கிறிஸ்துமஸ் என்று உண்மையானதாகக் கொண்டாடினார்களாம். 1752இல் பிரிட்டனும் அதன் காலனிகளும் நாட்காட்டியைத் திருத்தி 11 நாட்களை நீக்கியபோது மனம் ஒப்பாதவர்கள் பழைய தேதியையே பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பிடிவாதம் அப்பலாச்சிய மலைமடிப்புகளில் இருபதாம் நூற்றாண்டுவரை நீடித்தது. பழைய கிறிஸ்துமஸுக்கு முந்தின நள்ளிரவில் தொழுவத்து மாடுகள் மண்டியிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. சிறுமியாக இருந்தபோது அதைப் பார்க்கத் தொழுவத்துக்குப் போயிருக்கிறாரா என்று கேட்டேன். போகக் கூடாது, பார்ப்பவர்களுக்கு ஆகாது என்றார், இன்றும் அதே அச்சத்தோடு.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு பனியால் மூடியிருந்த மலைப்பாதையைத் திறந்தார்கள். 5,046 அடி உயரத்திலுள்ள நியூஃபவுண்ட் கணவாயை ஏறிக் கடந்தால் வட கரோலினா. 1940இல் அதிபர் ரூஸ்வெல்ட் இந்தப் பூங்காவை நாட்டுக்கு அர்ப்பணித்த மேடை கணவாயில் இருக்கிறது. இறக்கத்தின் முடிவில் செரோக்கி ஊர். 1838இல் அரசு படையை விட்டுப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களை மேற்கே இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டியபோது, மலைக்குள் மறைந்தும் சட்டத்தின் இடுக்கில் நிலம் வாங்கியும் தங்கிவிட்டவர்களின் வழிவந்தோர் இங்கே வாழ்கிறார்கள்.

ஒரு சமூகக் கூடத்தில் நிதி திரட்டுவதற்காக மதியச் சாப்பாடு விற்றார்கள். பொரித்த கோழி, வதக்கிய கோஸ், உருளைக்கிழங்கு, உப்பிட்ட பன்றிக் கொழுப்பு வறுவல், கூடவே பீன்ஸ் ரொட்டி. ரொட்டி என்று பெயரே தவிர அது வேகவைத்த மாவு. சாம்பல் நீரில் ஊறவைத்துத் தோல் நீக்கிய சோளத்தை மாவாக்கி, வேகவைத்த பீன்ஸையும் அது வெந்த சுடுநீரையும் விட்டுப் பிசைந்து, சோளத் தோகையில் மடித்துக் கட்டி, கொதிநீரில் இட்டு எடுக்கிறார்கள். தோகையில் கட்டாமல் உருண்டையாகப் பிடித்து நேராகப் பானையில் போடுவதும் உண்டு. அதை டம்ப்ளிங் என்றே சொல்கிறார்கள். கோதுமையும் கோழியும் கப்பலேறி வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த மலையில் மாவை உருட்டிக் கொதிநீரில் வேகவைத்தவர்கள் இவர்கள். வேகன் ரோட்டை மட்டும் வைத்து டம்ப்ளிங்கின் வரலாற்றைச் சொல்லிவிட முடியாது என்று அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் எனக்கு உறைத்தது.

மாவில் ஏன் உப்பில்லை என்று பரிமாறிய பெண்ணிடம் கேட்டேன்.

“உப்புப் போட்டால் மாவு உதிர்ந்துவிடும் என்பாள் என் பாட்டி. வேண்டுமென்றால் இந்தக் கொழுப்பை மேலே ஊற்றிக்கொள்ளுங்கள், அதில் உப்பு இருக்கிறது.”

ஊற்றிக்கொண்டேன். கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டில் என்ன என்று கேட்டதற்கு, அடுப்பில் எப்போதும் இரண்டு பானை என்றார்: ஒன்றில் கோழியும் கோதுமை டம்ப்ளிங்கும், இன்னொன்றில் பீன்ஸ் டம்ப்ளிங். கோதுமை டம்ப்ளிங்குக்கு மாவைத் தேய்த்து வெட்டுவீர்களா, கரண்டியால் விடுவீர்களா என்று நான் அடுத்ததாகக் கேட்க, பின்னால் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவர் முந்திக்கொண்டு, “தேய்த்துத்தான்” என்றார். பரிமாறியவர் திரும்பி அவரை முறைத்தார்.